தார்க் குச்சியும் பீடித் தட்டும்: எழுபதுகளில் மேலப்பாளையத்துப் பிள்ளைகள்

எழுபதுகளில் வளர்ந்தவர்களைக் கொஞ்சம் பேசவிட்டுப் பாருங்கள். அஞ்சு பைசா மிட்டாய், சைக்கிள் டயர் உருட்டியது, வாய்க்காலில் குதித்தது, இலங்கை வானொலி, தரை டிக்கெட்டில் எம்.ஜி.ஆர். படம்... எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். கோவில்பட்டிக்காரரும் கும்பகோணத்துக்காரரும் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தார்களோ என்றுகூடச் சந்தேகம் வரும்!

திருநெல்வேலி மேலப்பாளையத்திலும் இந்தப் பட்டியல் உண்டு. ஆனால் அங்கே இன்னொன்றும் கூடவே வரும். பேச்சு கொஞ்ச தூரம் போனதும், பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுற்றிய கதையும், பீடிக்கு முனை மடக்கிய கதையும் வந்துவிடும். டயர் உருட்டியதைச் சொன்ன அதே குரலில், அதே சிரிப்போடு சொல்வார்கள். கேட்பவர்களும் அதை விளையாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையில் அது எந்தக் கணக்கில் சேர வேண்டியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைப் பற்றி. தாமிரபரணிக்குத் தெற்கே, பாளையங்கோட்டைக்கு மேற்கே இருக்கிறது மேலப்பாளையம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். 1994ல் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது. எழுபதுகளில் அது தனி நகராட்சி. செவ்வாய்க்கிழமை கூடும் கால்நடைச் சந்தைக்குச் சுற்றுவட்டாரம் முழுவதும் பெயர். ஊருக்கு நடுவே பாளையங்கால்வாய் ஓடுகிறது. பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாய் இது. ஜூன் மாதம் தண்ணீர் திறந்துவிட்டால் பையன்களுக்குக் கொண்டாட்டம்தான். இன்றைக்கு அந்தக் கால்வாயில் சேரும் சாக்கடையைப் பார்ப்பவர்களுக்கு, அதில் குளித்தார்கள், துணி துவைத்தார்கள் என்றால் நம்புவது கஷ்டம்.

பையில் காசு என்றால் ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா அலுமினியக் காசுகள். ஒரு பைசா சதுரம், இரண்டு பைசாவுக்கு விளிம்பு நெளி நெளியாக இருக்கும், மூன்று பைசாவுக்கு ஆறு மூலை. கைவிட்டுத் தடவியே எது என்று சொல்லிவிடலாம். தாமரைப் பூ போட்ட மஞ்சள் இருபது பைசா கிடைத்தால் அன்றைக்கு ராஜாதான். தோளில் வட்ட வட்டமாக அம்மை குத்திய தழும்பு. (இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதம். அதனால் இந்தத் தழும்பே ஒரு பிறந்த தேதி மாதிரி. எழுபதுகளின் பிற்பகுதிக்குப் பிறகு பிறந்த பெரும்பாலோருக்கு இது இல்லை.)

இந்த ஊருக்குப் பழைய தொழில் கைத்தறி. கைலி, துண்டு, சேலை என்று நெய்த ஊர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து மிதித்து நெய்வது. தறியில் உட்காருவது ஒருவர்தான் என்றாலும் தறி நடக்க வீடே வேலை செய்ய வேண்டும். ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றி நாடாவுக்குள் வைக்க வேண்டும். அந்தக் குச்சிக்குத் தார் என்று பெயர். ராட்டையைச் சுற்றித் தார் போட்டுக் கொடுப்பது பெண்களும் பிள்ளைகளும். ஒரு தார் தீர்ந்தவுடன் அடுத்த தார் தயாராக இல்லையென்றால் தறி நின்றுவிடும், வாப்பாவின் குரல் உயரும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைப் பிணைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும் என்பதால் அங்கேயும் கை போதாது. பிள்ளைகளையும் எழுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்பதெல்லாம் பாவு காய்ந்த பிறகுதான்.

எழுபதுகள் கைத்தறிக்கு நல்ல காலம் இல்லை. 1973, 74ல் நாடு முழுவதும் விலைவாசி கண்டபடி ஏறியது. நூல் விலை ஏறினால் நெசவாளிக்கு முதலில் போவது வேலை. விசைத்தறி ஒருபக்கம் பெருகிக்கொண்டிருந்தது. மத்திய அரசு சிவராமன் தலைமையில் ஒரு உயர்மட்டக் குழு போட்டு, 1974ல் அது அறிக்கை கொடுத்தது. 1976ல் ஜனதா துணித் திட்டம் வந்தது. ஏழைகளுக்கு மலிவுத் துணி, நெசவாளிக்கு வேலை என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றார்கள். வேலை கிடைத்ததென்னவோ உண்மை. ஆனால் மலிவுத் துணி நெய்தால் கூலியும் மலிவாகத்தானே இருக்கும்? கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய சட்டம் வர 1985 ஆகிவிட்டது.

தறி தள்ளாடிய வீடுகளில் தட்டு வந்து உட்கார்ந்தது.

திருநெல்வேலிச் சீமையில் பீடி புதிய தொழில் இல்லை. முக்கூடலின் சொக்கலால் பீடியும் நெல்லையின் செய்யது பீடியும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் பீடிக்கு வேண்டிய எதுவும் இந்த மண்ணில் விளைவதில்லை. இலை மத்தியப் பிரதேசம், ஒரிசா பக்கத்துக் காடுகளிலிருந்து வர வேண்டும். புகையிலை குஜராத், கர்நாடகத்திலிருந்து வர வேண்டும். இங்கே இருந்தது கை மட்டும்தான். அதுவும் வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாத பெண்களின் கை. கோஷா பழக்கம் இருந்த மேலப்பாளையத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்தே செய்யலாம் என்ற ஒரே தகுதி இந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்காக: பீடிக் கடையில் இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். இலையை நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பதப்படுத்த வேண்டும். தகர அளவை இலைமேல் வைத்து நரம்பு விலக்கிக் கத்தரியால் வெட்ட வேண்டும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தூளைப் பரத்தி, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். தனி ஆளாக ஆயிரம் சுற்றுவதென்றால் கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் போய்விடும். சமையல், தண்ணீர், கைக்குழந்தை எல்லாம் இருக்கும் வீட்டில் அது நடக்காத காரியம்.

அங்கேதான் பிள்ளைகள் வருகிறார்கள். உம்மா உருட்டிப் போடுவதை லாத்தா நூல் கட்டுவாள். தங்கச்சி சின்ன இரும்புக் குச்சியால் முனை மடக்குவாள். தம்பி எண்ணிக் கட்டுப் போடுவான், அப்புறம் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவான். யாரும் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. "உம்மாவுக்கு ஒத்தாசை", அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு நாளைக்கு 300 பீடிக்கு முனை மடக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். (ஒரு பேச்சுக்குத்தான். கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.) வருஷத்துக்கு 300 நாள் என்றால் 90,000. ஐந்து வருஷத்தில் 4,50,000. அதாவது 18,000 கட்டு. அவ்வளவும் உம்மாவின் பெயரில் கடைக்குப் போயிருக்கும். அவள் பெயர் எங்கேயும் இருக்காது.

அடக்கவிலைக் கணக்கியல் படித்தவர்களுக்கு மேற்செலவு என்றால் என்ன என்று தெரியும். கட்டட வாடகை, விளக்கு, கருவிகள், மேற்பார்வை. வீட்டுப் பீடியில் இந்த வரிசையே கிடையாது. கட்டடம் தொழிலாளியின் வீடு. விளக்கு அவள் வீட்டு மண்ணெண்ணெய். கத்தரியும் தட்டும் அவளுடையது. மேற்பார்வைக்குச் சம்பளம் வேண்டாம், எண்ணிக்கைக் கூலியே அதைப் பார்த்துக்கொள்ளும். இலை மட்டமாக இருந்து அளவு குறைந்தால் தன் காசில் இலை வாங்கிச் சேர்க்க வேண்டும். சரியில்லை என்று கழித்துப் போடும் பீடிக்குக் கூலி இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் கூலி கட்டுப்படியாக ஒரே வழி, சம்பளம் கேட்காத இன்னும் இரண்டு ஜோடிக் கை. பிள்ளைகளின் உழைப்பு இந்தத் தொழிலில் ஏதோ தற்செயலாக நுழைந்த ஒன்றல்ல. கூலியே அதை எதிர்பார்த்துத்தான் நிர்ணயிக்கப்பட்டதோ என்று சந்தேகப்பட நிறைய இடம் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1966லேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. வேலை நேரம், விடுமுறை, தொழிற்கூடத்துக்கு உரிமம் எல்லாம் அதில் உண்டு. 14 வயது நிறையாத பிள்ளைகளைத் தொழிற்கூடத்தில் வேலை செய்ய விடக்கூடாது என்பதும் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் விளைவு இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக இருந்ததைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

கேரளத்தின் கண்ணூரில் பீடி சுற்றியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெரிய கொட்டகைகளில் வரிசையாக உட்கார்ந்து சுற்றினார்கள். ஒருவர் மட்டும் சுற்றாமல் பத்திரிகையையும் புத்தகத்தையும் உரக்கப் படிப்பார், அவருடைய பங்கை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே சங்கம் பலமானது. 1966 சட்டத்தைக் கேரள அரசு அமல்படுத்தத் தொடங்கியதும், 1968ல் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் அங்கிருந்த கூடங்களை மூடியது. வேலையிழந்தவர்கள் 1969ல் அரசு உதவியோடு கூட்டுறவாக தினேஷ் பீடியைத் தொடங்கினார்கள்.

நெல்லையில் கொட்டகை வீடாக இருந்தது. ஒரு வீட்டில் ஒரு தட்டு அல்லது இரண்டு தட்டு. எதை மூடுவது, யாரை ஒன்று சேர்ப்பது? பீடி முதலாளிகள் இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மங்களூர் கணேஷ் பீடி வழக்கு என்றே அதற்குப் பெயர். 1974 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும், வேலை வீட்டில் நடந்தாலும் அவர்கள் தொழிலாளிகள்தான் என்பது அதன் சாரம். பெரிய வெற்றி. ஆனால் அதே சட்டத்துக்குள் ஒரு விதிவிலக்கு இருந்தது. யாருக்கும் தொழிலாளியாக இல்லாமல், சொந்த வீட்டில், தன்னைச் சார்ந்திருக்கும் குடும்பத்தாரின் உதவியோடு தொழில் செய்பவருக்குச் சட்டம் பொருந்தாது. எழுதியவர்கள் சின்ன சுயதொழில்காரர்களை நினைத்து எழுதியிருக்கலாம். ஆனால் தெருத் தெருவாக, வீடு வீடாக யார் போய் இது சுயதொழில், இது கம்பெனி வேலை என்று பிரித்துப் பார்ப்பது? மடியில் தட்டோடு இருக்கும் பத்து வயதுப் பெண்ணைக் கேட்டால் அவளே "உம்மாவுக்கு உதவி" என்றுதான் சொல்வாள்.

அம்மை குத்த வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தார்கள், ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணினார்கள். அதே அரசாங்கம்தான்.

கண்ணூரில் வாசிப்பவர் இருந்தார் என்றால், மேலப்பாளையத்தில் வானொலி இருந்தது. கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது! திருநெல்வேலி வானொலி நிலையம் 1963ல் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளின் நெஞ்சில் நின்றது கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையம்தான். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை தென் மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டது. காலையில் 'பொங்கும் பூம்புனல்'. கே.எஸ்.ராஜாவின் மூச்சுவிடாத வேகம். பி.எச்.அப்துல் ஹமீதின் திருத்தமான உச்சரிப்பு. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் படித்ததைவிட ல, ள, ழ வித்தியாசத்தை இவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் அதிகம் என்றால் மிகையில்லை. எல்லா வீட்டிலும் ரேடியோ கிடையாது, வைத்திருப்பவர்கள் தபாலாபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். ரேடியோ இருக்கும் வீட்டுத் திண்ணையில் நாலைந்து தட்டுகள் ஒன்றாக வந்து உட்காரும். ஒரு பாட்டுக்கு இத்தனை பீடி என்று போட்டி நடக்கும். எழுபதுகளைப் பற்றிய இனிமையான நினைவுகளில் பாதி அந்தத் திண்ணையில் பிறந்தவை. அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சந்தோஷமும் இருந்தது, வேலையும் இருந்தது. சந்தோஷம் நினைவாகிப் பேச்சில் தங்கிவிட்டது. வேலை மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று? காலையில் ஓதப் போய், அப்புறம் பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் தட்டு. அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோரு வருஷப் படிப்பு. அதற்கு மேல் கல்லூரியில் பி.யு.சி. 1978ல்தான் பிளஸ் ஒன் வந்தது, 1980ல் முதல் பிளஸ் டூ பரீட்சை. பையன்களுக்குக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1971ல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி தொடங்கப்பட்டது பெரிய திருப்பம். பெண்பிள்ளைகளுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயதுதான் எல்லை. பெரிய மனுஷி ஆனதும் படிப்பும் நின்றது, வாய்க்காலும் நின்றது, தெருவும் நின்றது. தட்டு மட்டும் நிற்கவில்லை. பாளையங்கோட்டையில் பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895லிருந்து நடக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து அது ஐந்தாறு கிலோமீட்டருக்குள்தான். அந்தத் தூரத்தை நடந்து கடக்க இந்த ஊர்ப் பெண்களுக்கு எத்தனை வருஷம் ஆனது என்பதைத் தனியாகவே எழுத வேண்டும்.

சம்பந்தம் பேச வரும் வீடுகளில் பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா, கை வேகமா என்று விசாரிப்பது சர்வசாதாரணம். பாஸ் புக் ஒரு சீர் மாதிரி.

இதற்கிடையில் 1973 அக்டோபரில் அரபு நாடுகளில் போர் வந்தது. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு ஆனது. அந்தப் பணத்தில் அங்கே ரோடும் துறைமுகமும் கட்டடமும் எழும்ப, ஆள் தேவைப்பட்டது. இந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்குக் கடல் கடந்து பிழைப்பது புதிதில்லை. முந்தைய தலைமுறைக்குப் பர்மாவும் கொழும்பும் இருந்தன. பர்மாவின் கடைகள் 1964ல் தேசியமயமானதும் அந்த வாசல் அடைபட்டது. இப்போது பம்பாய் போய், ஏஜென்டைப் பிடித்து, வளைகுடாவுக்குச் சபர் போவது தொடங்கியது. தார் சுற்றிக்கொண்டிருந்த பையன்களில் கொஞ்சம் பெரியவர்கள் தறியில் உட்காராமலே கிளம்பிப் போனார்கள். எழுபதுகளின் கடைசியில் டேப் ரிக்கார்டர் வந்து இறங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத உம்மாமார்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பதில் பேசும்போது பின்னால் கத்தரிச் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

சட்டங்களும் தொடர்ந்து வந்தன. 1976ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம். அதிலிருந்து தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைத்தது, பலருடைய படிப்பு அதனால் நின்றுவிடாமல் இருந்தது. 1977ல் பீடித் தொழிலுக்கு வருங்கால வைப்பு நிதி நீட்டிக்கப்பட்டது. வீட்டில் சுற்றுபவர்களுக்கும் அது உண்டா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் போய், உண்டு என்று 1985ல் முடிந்தது. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடியைத் தடை செய்த தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு என்று அதிலும் போட்டார்கள். மேலப்பாளையத்துக்கு அந்தத் தடையால் என்ன பிரயோஜனம் என்று கேட்கத் தோன்றுகிறதா? 2016ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம், ஆபத்தான தொழிலாக இருக்கக்கூடாது என்று அந்த விலக்கு வேறு வடிவில் தொடர்ந்தது.

அன்று முனை மடக்கிய பெண்களுக்கு இன்று அறுபது வயதுக்கு அக்கம்பக்கம். வைப்பு நிதியில் சேர்ந்திருந்தவர்களில் பலர் இப்போது ஓய்வூதியம் வாங்குகிறார்கள். 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று ஆனது. அந்தப் படிவத்தில் வேலையில் சேர்ந்த தேதி என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதில் இருப்பது அவர்கள் பெயரில் முதல் பாஸ் புக் போட்ட தேதி. பதினெட்டு, இருபது வயது. சிலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு, மாமியாரின் ஊரில் போட்டது.